மிசூரி எந்தப் பக்கம் போனது

நாலு வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்காவில் தேர்தல் வந்தால், பாறசாலை ராஜதாஸ் ஒரு வாரம் சாயாக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். கடைக்காரர் கிருஷ்ணன்குட்டி, "எந்தா ராஜதாசே, சுகமில்லயோ?" என்று வீட்டுக்கே ஆளனுப்பிக் கேட்டாலும் சரி, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார். மற்ற நாளில் அந்தக் கடையை விட்டு எழுப்ப முடியாத மனுஷன். தலைவலியாவது ஒன்றாவது! விஷயம் வேறே.

ராஜதாஸ் அமெரிக்க மிஷன் பங்களாவின் ஜீப் டிரைவர். படிப்பு நாலாம் கிளாசோடு சரி. ஆனால் பங்களாவின் மிஷனரி வில்லர்டு ஐயா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உலக விஷயமெல்லாம் பேசிக்கொண்டு வருவார். ராஜதாஸ் அதைச் சாயங்காலம் சாயாக்கடையில் கொண்டுவந்து இறக்குவார். கொரியாவில் சண்டை ஓய்ந்ததும், இங்கிலாந்தில் ராஜா செத்து ராணி வந்ததும் ஊருக்கு அவர் வாயால்தான் தெரியும். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சொல்வார். கேட்டவர்களுக்கும் அப்படித்தான். அதனால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை.

ஐயாவுக்கு ஊர் மிசூரி. அது அமெரிக்காவில் ஒரு மாகாணம். அந்த மாகாணத்தைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. மிசூரி யாருக்கு ஓட்டுப் போடுகிறதோ அவர்தான் ஜனாதிபதி. ஐம்பது வருஷமாக அது தவறியதே இல்லை என்பார். நாற்பத்தெட்டிலும் ஐம்பத்திரண்டிலும் அவர் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, "பார்த்தாயா ராஜதாஸ், மறுபடியும் மிசூரி!" என்று தொடையைத் தட்டியதை ராஜதாஸ் நேரிலேயே பார்த்திருக்கிறார். அதனால் மிசூரியின் மேல் அவருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் குடும்பத்தைக் குடித்தது.

குடும்பம் என்றால் மூன்றே பேர். ராஜதாஸ், மனைவி சுகிர்தபாய், அவளுடைய தம்பி விஜயதாஸ். பிள்ளை பிறக்கவில்லை. தாய் போன நாள் முதல் தம்பியைத்தான் சுகிர்தபாய் பிள்ளையாக வளர்த்தாள். கல்யாணம் கழிந்து வந்தபோது கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். ராஜதாஸ் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மட்டுக்கு நல்ல மனுஷன்தான்.

வளர்ந்த பையன் எல்லைப் போராட்டத்தில் போய் விழுந்தான். தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்களோடு பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரே சத்தமாக இருந்த காலம் அது. கூட்டம், கொடி, ஜாதா ஊர்வலம், ஜெயில். ஐம்பத்துநாலு ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது விஜயதாசின் தொடையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் எலும்பில் சீழ் வைத்துவிட்டது. புண் ஆறும், மழைக்காலம் வந்தால் திரும்பத் திறந்துகொள்ளும். காலையும் மாலையும் வெந்நீர் வைத்துக் கழுவித் துணி மாற்ற வேண்டும். அது சுகிர்தபாயின் வேலை. அவனோ, வலி வந்தால் மனுஷனாகவே இருக்க மாட்டான். கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கி எறிவான். "மெல்லக் களுவு சவமே!" என்று வளர்த்தவளையே ஏசுவான். பிறகு அவனே அழுவான். அதையும் அவள்தான் தேற்ற வேண்டும்.

ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் களியக்காவிளையில் வெடி வெடித்த சத்தம் இவர்கள் முற்றத்தில் கேட்டது. விஜயதாஸ் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் ஆரம்பித்தான். "அத்தான், நான் இஞ்ச கெடந்து சாவ மாட்டேன். நம்ம கேட்ட மண்ணு அந்தா கெடக்கு, விளிச்சாக் கேக்கும். நாம போவோம். அக்காவும் வரட்டு."

"எலே மக்கா, அஞ்ச போனா கஞ்சிக்கு என்னத்தச் செய்யது? ஜீப்பத் தலையில தூக்கிட்டா வர முடியும்?"

"அப்ப நான் ஒத்தைக்குப் போறேன்."

ஒற்றைக்குப் போனால் அந்தக் காலை யார் கழுவுவது? இரண்டு ஆண்களும் சுகிர்தபாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எரிந்து விழுந்தாள். "என்னெ எதுக்காக்கும் பாக்குதிய? ரெண்டு பேருமாட்டு வெட்டிப் பங்கு வச்சுக்கிடுங்க!"

சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிடிபடாத காரியம் வந்தால் அடையாளம் வைத்து ஜெபிப்பார்கள். 'கர்த்தாவே, இன்னது நடந்தால் இப்படிச் செய்கிறேன், நடக்காவிட்டால் அப்படி' என்று ஒப்புக்கொடுப்பது. கல்யாணம், வீடு மாறுவது, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் உண்டு. உபதேசியார் பொன்னையன் அதில் கண்டிப்பானவர். "அடையாளத்தக் கை எட்டாத எடத்துல வைக்கணும். கோழி முட்டையிடுமாண்ணு வைக்காதே. கோழிக்குத் தீனி போடுகது நீயாக்கும்," என்பார். ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றக் கூடாது. வந்த பதிலுக்கு மீறவும் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் ராஜதாஸ்தான் சொன்னார். "ஐயாவுக்க மிசூரி இருக்குல்லா. செவ்வாக்கிழம அமெரிக்காவுல ஓட்டு. நாடு போற பக்கமே மிசூரியும் போனா, நாம இருக்குற எடத்துலயே இருப்போம். நாட்ட விட்டு அது பிரிஞ்சு நிண்ணா, நாமளும் பிரிஞ்சு அந்தப் பக்கம் போயிருவோம். மூணு பேரும்."

விஜயதாஸ் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தான். "கொள்ளாம் அத்தான். நம்ம ஓட்டுக்குத்தான் வெல இல்லாமப் போச்சு. அவனுக்க ஓட்டாவது நம்மள எங்கயாவது கொண்டு சேக்கட்டு."

சுகிர்தபாய் முக்காட்டை இழுத்துவிட்டு முழங்கால் போட்டாள். ராஜதாஸ் சத்தமாக ஜெபித்தார். கோழிக்குத் தீனி போட்டுவிட்டல்லவா முட்டைக்கு ஜெபிக்கிறார். ஐம்பது வருஷமாகத் தவறாத காரியம், இந்த வருஷம் மட்டும் தவறிவிடுமா? வேலை போகாது. வீடு போகாது. அவளும் கடவுள் சொன்னார் என்று சமாதானமாக இருப்பாள். பையனும் அடங்கிக் கிடப்பான். யாருக்கும் கெடுதல் இல்லை என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை தேர்தல் முடிவு வந்தது. பழைய ஜனாதிபதியே ஜெயித்தார், அதுவும் அள்ளிக்கொண்டு. ராஜதாஸ் ஜீப்பைத் துடைத்தபடி, "நம்ம மிசூரி ஐயா?" என்று கேட்டார். இன்னும் எண்ணுகிறார்கள் என்றார் ஐயா. வியாழக்கிழமை பூவாருக்குப் போகும்போதும் கேட்டார். அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்ன எண்ணுவார்கள், சவம், மணலையா எண்ணுகிறார்கள்?

வெள்ளிக்கிழமை காட்டாக்கடையில் ஒரு கூட்டம் முடிந்து திரும்புகையில், அமரவிளைப் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்து ஐயா சிரிக்க ஆரம்பித்தார். "ராஜதாஸ், எங்கள் பெருமை போயிற்று! மிசூரி தோற்ற ஆளுக்குப் போட்டுவிட்டது. கொஞ்சம் ஓட்டு வித்தியாசம்தான். ஐம்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை!"

ஜீப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசப் போனது. ஐயா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். ராஜதாஸ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, "அப்ப மிசூரிய என்ன செய்வாங்க ஐயா?" என்று கேட்டார்.

"என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள்."

ராஜதாசுக்கு அழுகை வந்தது. அத்தனை ஜனங்கள் பிரிந்து நின்றும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இங்கே ஒருத்தன் குடி கிளம்ப வேண்டும். ஐயாவிடம் சொல்லி அழலாம் என்றாலும், என்னவென்று சொல்வது?

பங்களாவில் ஜீப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் உண்மையைச் சொல்லுவோம் என்றுதான் வந்தார். இதை நான் அவருக்காகப் பரிந்து சொல்லவில்லை. முற்றத்தில் ஏறும்வரை அவர் நாக்கில் உண்மைதான் இருந்தது. விஜயதாஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சுகிர்தபாய் கீழே குந்தியிருந்து புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் தண்ணீர் மஞ்சளாகக் கிடந்தது. அந்த வாடை முற்றம்வரை வந்தது. புது ஊர், வேலை இல்லை, வாடகைக் குடிசை, அதிலும் இதே வாடை என்று ஒரு நொடி நினைத்தார்.

"மிசூரி என்னாச்சு அத்தான்?"

"நாடு போன பக்கம்தான் போச்சு."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது. சுகிர்தபாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியைப் பிழிந்து, "அப்ப சரி. கர்த்தர் சொல்லியாச்சு," என்றாள். அன்றைக்கு அவள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ராஜதாஸ் அதைப் பார்த்து, பாவம், எவ்வளவு சமாதானமாக இருக்கிறாள், கடவுளே என்னை மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

விஜயதாஸ் திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியைக் கட்டினான். "அடையாளம் உங்களுக்காக்கும். நீங்க இருங்க. எனக்கு யாரும் சொல்லாண்டாம்," என்றான். ராஜதாஸ் தடுத்தார். ஆனால் காலைப் பிடித்துத் தடுக்கவில்லை, அதுதான் விஷயம். களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால் ஜெயபாய் என்ற விதவை வீட்டில் சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒரு சாய்ப்பு வாடகைக்குக் கிடைத்தது. பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள். இந்தா கெடக்கு களியக்காவிளை, அதுக்கு என்ன வெப்பிராளம் என்றார்கள்.

பக்கத்தில் இருப்பதுதான் வினையாயிற்று. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தது. முதலில் சுகிர்தபாய் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து போய்த் துணி மாற்றிவிட்டு வந்தாள். கிறிஸ்துமசுக்குப் பலகாரம் கொண்டுபோனாள். பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு மழை. இடவப்பாதி அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. ராஜதாஸ், "அவனெப் போய்ப் பாக்கலியா?" என்று கேட்டால், மழை விடட்டு என்பாள். இவரும் அதோடு விட்டுவிடுவார். அவனை நேரில் பார்த்தால் அந்தப் பொய்யை இன்னொருமுறை சொன்ன மாதிரி இருக்கும். இவருக்கும் மழை வசதியாகத்தான் இருந்தது.

ஜெயபாயிடமிருந்து ஆள் வந்தபோது ஓடினார்கள். சாய்ப்பில் ஒழுகல். கட்டிலில் கிடந்தவனைச் சுகிர்தபாய்க்கு அடையாளம் தெரியவில்லை. கால் வயிறுவரை வீங்கியிருந்தது. காய்ச்சலில் அவன் அவளை, "அம்மா," என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ராஜதாஸ் வண்டி தேடிக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"அக்கா வருவா, அக்கா வருவாண்ணு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்," என்று ஜெயபாய் சொன்னாள். "எனக்கு அந்தத் துணியத் தொட அருவருப்பு. உள்ளதச் சொல்லணும்லா. புழு வச்சிட்டுது."

கேட்ட மண்ணிலேயே அவனை அடக்கம் செய்தார்கள். அந்த மட்டில் அவன் ஆசை நிறைவேறியது என்று யாரோ ஒருவர் சொன்னார். ராஜதாசுக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

திரும்பி வருகையில் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. இருவரும் நடந்தார்கள். புதுச் செக்போஸ்டில் மூங்கில் கழியைத் தூக்கிவிட்டார்கள். அதைக் கடந்ததும் ராஜதாஸ் ரோட்டோரத்தில் ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி இதைச் சுமக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"சுகிர்தம். நான் ஒரு பாவம் செய்தேன். மிசூரி..."

"தெரியும்."

அவர் மைல்கல்லை விட்டு நிமிர்ந்தார்.

"அண்ணைக்கு மத்தியானமே பொம்பளைகளுக்க ஜெபத்துல வில்லர்டு ஐயாவுக்க வீட்டம்மா சொன்னாவ. மிசூரி பிரிஞ்சு போச்சுண்ணு. எல்லாரும் சிரிச்சோம்."

"தெரிஞ்சுக்கிட்டா நீ பேசாம இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"எனக்கு மடுத்து, சலிச்சுப் போச்சு," என்றாள் சுகிர்தபாய். அவள் அழவில்லை. மழைத் தண்ணீர் ஓடுகிற ஓடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வருஷமாட்டு அந்தச் சீளக் களுவிக் களுவி, அவனுக்க ஏச்சக் கேட்டுக் கேட்டு மடுத்துப் போச்சு. அவன் ஒத்தைக்குப் போனாண்ணா நான் ஒரு நாளாவது ஒறங்கலாமேண்ணு இருந்துது. எனக்க பிள்ளையத்தான் சொல்லுகேன், கேட்டியளா? பங்களாவுல இருந்து வீடு வாறது வரைக்கும் வழி நீள ஒரே ஜெபமாக்கும் பண்ணினேன்."

"என்னண்ணு?"

"நீங்க பொய் சொல்லணுமேண்ணு. அந்த ஒரு ஜெபத்தத்தான் அவரு கேட்டாரு."