மாசி டின்

மாலைதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தேன். அடங்காத வகுப்பு. முதல் தவணையோடு வெறுத்துப்போய், விடுமுறைக்குப் போவதுபோல இலங்கையில் என் ஊரான மடவளைக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணமில்லை. யாரிடமும் அதைச் சொல்லவுமில்லை. வகுப்பில் என்னை அழவைத்த மாணவிதான், புறப்படும்போது ஒரு டின் நிறைய மாசிக் கருவாடு தந்திருந்தாள்.

உம்மா அதில் சம்பல் இடித்தார். வீடே மணத்தது. மாசி தீர்ந்ததும் டின்னைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

"வெறும் டின்ன குடுக்க ஏலா மகள். தொதல் கிண்டித் தாறன், அந்தப் புள்ளைக்குக் கொண்டு போங்க."

தேங்காய்ப்பாலில் கிண்டிய அந்த இனிப்பை டின்னில் அடைத்து, பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

போனேன். வருட முடிவுவரை படிப்பித்து, வகுப்பில் சொல்லிவிட்டே விலகினேன். அன்று அந்த மாணவி அதே டின்னில் மாசி நிரப்பி நீட்டினாள்.

திருப்பிக் கொடுக்காத அந்த டின் இன்றும் என் அடுப்படியில் இருக்கிறது. தொதல் கிண்டும்போதெல்லாம் கை அதைத்தான் தேடுகிறது.