மடிப்பில் ஒட்டிய முத்திரை

என் மருமகள் தையல்காரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பதினாறு வருடமாகச் சட்டை தைக்கிறாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே சாப்பிடுவாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ டாக்டர் வேண்டும் என்று ஆறு முறை மனு கொடுத்துப் பார்த்தாள். ஏழாவதாக அவள் கொடுத்தது வேட்புமனு.

சட்டமன்றம் என்றால் என்னவென்று எனக்கு விளக்கியதும் அவள்தான். மாநிலத்தை அறுபத்தொரு தொகுதியாக வெட்டியிருக்கிறார்களாம். தொகுதிக்கு ஒரு உறுப்பினர், ஐந்து வருடம். முப்பத்தொரு பேர் யார் பக்கமோ, ஆட்சி அவர்களுடையது.

"கட்சி இல்லாதவங்களையும் உள்ள விடுவாங்களா?"

"ஜனங்க அனுப்பினா யாரு தடுக்கிறது, அத்தை?"

அவளுக்குக் கத்தரிக்கோல் சின்னம். ஏற்கெனவே உறுப்பினராக இருந்த செங்கல் சூளைக்காரருக்கு விளக்கு. அவர் மேடையில் சிரித்தார்: "ஓட்டையைத் தைக்கிற பொம்பளைக்கு ஓட்டு எதுக்கு?"

இவள் விடுவாளா? "அண்ணே, உங்க அஞ்சு வருஷத்துல விழுந்த ஓட்டையைத் தைக்கத்தான் ஓட்டு கேக்கறேன்!"

வாக்கு எண்ணும் மேசையில் அவளுடைய முகவராக என்னைத்தான் உட்காரவைத்தாள். எனக்கு எழுத்து தெரியாது. சின்னம் தெரியும், போதாதா? கடைசிப் பெட்டியும் எண்ணி முடிந்தபோது பதினொரு ஓட்டில் பின்தங்கியிருந்தாள். செல்லாதவை என்று தனியாக முப்பது சீட்டுகளை ஒதுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் கத்தரிக்கோலிலும் முத்திரை, விளக்கிலும் முத்திரை. பெரும்பாலும் எங்கள் சந்துப் பெட்டியிலிருந்து வந்தவை.

"பாட்டிம்மா, முடிவுத் தாள்ல கைநாட்டு வைங்க" என்றார் அதிகாரி.

"என் மருமக அந்தச் சீட்டுங்களைப் பாக்காம வைக்க மாட்டேன்."

"நேரமாகுதும்மா."

"ஆகட்டும். எனக்கு வீட்டுல அடுப்பு ஒண்ணும் எரியலை."

மருமகள் வந்தாள். மேல் சீட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் அத்தை கெடுத்தேன்! மையில நல்லா ஒத்தி அழுத்திக் குத்துங்கன்னு சந்து முழுக்கச் சொன்னேனே!" நம் பெண்களும் இஸ்திரி போடுகிற கையால் குத்தி, மை காயும் முன்னே மடித்துப் போட்டுவிட்டார்கள்.

உடனே நிமிர்ந்தாள். "சார், இந்த முத்திரையில கொக்கி மாதிரி இருக்கிற வால் எந்தப் பக்கம் வளையணும்?"

"வலப்பக்கம்."

"விளக்குல இருக்கிறது இடப்பக்கம் வளைஞ்சிருக்கு. சட்டையோட வலக்கைத் துணியும் இடக்கைத் துணியும் எனக்குத் தெரியாதா? இது குத்தினது இல்ல, ஒட்டினது." பழைய மடிப்பிலேயே சீட்டை மடித்தாள். மங்கலான முத்திரை அச்சு அசலாகக் கத்தரிக்கோல் முத்திரைமேல் போய் உட்கார்ந்தது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு முப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கில் உண்மையாகவே இரண்டு குத்து. ஐந்து சூளைக்காரருக்கு. இருபத்தொன்று கத்தரிக்கோலுக்கு! ஐந்து ஓட்டில் என் மருமகள் சட்டமன்ற உறுப்பினர். நான் போட்ட குலவையில் சூளைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மற்ற அறுபது தொகுதிக் கணக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு கட்சிக்கும் முப்பது முப்பது. மறுநாள் எங்கள் சந்தில் கார் திரும்ப இடமில்லை. இரு தரப்பும் மாலையோடு கடை வாசலில் நின்றது. அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை.

"டாக்டர் வர்ற தேதியை எழுத்துல கொடுங்க. அப்புறம் உள்ள வந்து உக்காருங்க."