சீருடையில் வந்தவர்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நாயின் இடது காதை மடித்து, உள்ளே பச்சை குத்தியிருக்கும் எண்ணைப் படிக்கிறார் ஆய்வாளரம்மா. கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் சிப்பைப் படிக்க அரசாங்கம் கருவி கொடுத்திருக்கிறது. அதில் அவருக்கு அரை நம்பிக்கைதான். "சிப்பை மாத்திடுவானுங்க. காதை மாத்த முடியுமா?" பிறகு பல், பிறகு முன்கால் மூட்டு. விற்க வந்தவர் சொன்ன வயதோடு மூன்று வருடம் கூடிவிடும்.

நாய் மறுவிற்பனை அலுவலகத்தின் ஆய்வாளரம்மா நாய்களை 'நீங்க' என்பார், தரகர்களை 'நீ' என்பார். "வாங்க தம்பி, வாயைத் திறங்க" என்பது நாய்க்கு. "நீ வாயை மூடு" என்பது தரகருக்கு. தரகர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முட்டுக்கட்டை. அவர் கோபித்துக்கொள்வதில்லை. "சக்கரத்துக்கு அடியில ஒண்ணு கிடந்தாத்தான் வண்டி யார் மேலயும் ஏறாது."

போலீஸிலோ ராணுவத்திலோ வேலை பார்த்த நாயை வெளியாருக்கு விற்பதென்றால் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. வாங்குபவர் நாயோடு நிற்க, ஆய்வாளர் அவரை அடிப்பதுபோலக் கம்பை ஓங்குவார். நாய் பாயக் கூடாது. பாய்ந்தால் சாகும்வரை அரசு நாய் முகாமின் கூண்டுதான். மறுசோதனை என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை, பாய்ந்த நாய் ஒன்றுக்கு மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வீட்டுக்குத் தபால் கொண்டுபோனவருக்கு இன்றும் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

சென்ற வாரம் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வந்தார். ஆறு வருடம் தன்னோடு காவல் நடந்த நாய்க்கும் இப்போது ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதை வாங்கிப்போக வந்திருந்தார். மனைவி இறந்தபின் வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. "மாடி ஏறினா அதுக்கு முட்டி வலிக்கும் மேடம். என் கட்டிலையே கீழ இறக்கிட்டேன்." ஒரு வருடமாகப் பார்க்கவில்லையே, தன்னை மறந்திருக்குமோ என்ற பயத்தில், பழைய சீருடையை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கூண்டைத் திறந்ததும் நாய் ஓடிவந்து அவர் பூட்ஸை மோந்து, முனகி, குழைந்தது. உடனே அவர் இடப்பக்கம் போய் விறைத்து நின்றுகொண்டது. ஆய்வாளருக்குப் புரிந்துவிட்டது. சீருடையைப் பார்த்த நாய் வேலைக்குக் கிளம்பிவிட்டது. கூண்டு திறந்துவிட்டால் சோதனை தொடங்கியதாக அர்த்தம். அதன்பின் வாங்குபவருக்கு யோசனை சொல்லக் கூடாது. கம்பை ஓங்கினார்.

நாய் பாய்ந்ததில் ஆய்வாளர் மாட்டியிருந்த பஞ்சு வைத்த கையுறை தோள்வரை கிழிந்தது. ராணுவக்காரர் "விடு" என்றதும் விட்டது.

"என்னைக் காப்பாத்தத்தானே மேடம் பாஞ்சுது?"

"அது எனக்குத் தெரியாதா?"

படிவத்தில் 'தோல்வி' என்று எழுதினார். முப்பது வருட வேலையில் அந்தச் சொல்லை எழுத இவ்வளவு நேரம் ஆனதில்லை.

நாய் ராணுவக்காரரின் காலடியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வேலையை முடித்தால் தலையைத் தட்டி 'சபாஷ்' சொல்வது அவர் வழக்கம். அவரோ சுவரைப் பார்த்து நின்றார். கூண்டுக்காரர் சங்கிலியோடு வந்தார். ஆய்வாளர் அவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு ராணுவக்காரரிடம் திரும்பினார்.

"காத்திட்டிருக்காங்க, பாருங்க."

ராணுவக்காரரின் கை எழவில்லை. ஆய்வாளர் கிழிந்த கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நாயின் தலைமேல் வைத்தார்.