மேலே பார்க்கிற வேலை

ஒரு நாளாவது அந்தக் கம்பம் ஏறாமல் போகட்டும்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் நினைத்தேன், அவ்வளவுதான். நடந்ததில் வேறு எதை நீங்கள் நம்பாவிட்டாலும் இதை நம்ப வேண்டும்.

நானும் என் கணவன் வெர்லும் வண்டியிலேயே வாழ்கிறவர்கள். அன்று அரிசோனா பாலைவனத்தில் ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோதே பொழுது சாய்ந்திருந்தது. எங்கே நிறுத்தினாலும் ரேடியோ ஆன்டெனாவை உயர்த்துவதுதான் அவனுக்கு முதல் வேலை. பின் சக்கரத்தை ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஏற்றி நிறுத்துவான். தகட்டோடு இருக்கும் குழாயில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கம்பத்தைச் செருகி, ஒவ்வொரு கணுவாக மேலே தள்ளுவான். கண் கணுவிலேயே இருக்கும், அண்ணாந்து பார்க்க முடியாது. அது என் வேலை. மேலே மின்கம்பி எதுவும் இல்லை என்று பார்த்து நான் "சரி" சொன்னால்தான் அடுத்த கணு.

"ரொவீனா, வெளிய வா. வெளிச்சம் போகுது."

"பீன்ஸ் அடிபிடிக்குது. ராத்திரிக்கு உன் கம்பத்தையா திங்கப் போற?"

"ஒரு நிமிஷம் வாங்க மகாராணி."

சிரித்தேன். அப்போதுதான் அதை நினைத்தேன்.

வெளியே வெர்லின் குரல். "மேல சரியா?"

நான் வாய் திறக்கவில்லை.

"சரி. ஏத்து."

பெண் குரல்... வெளியிலிருந்து.

கடக். ஒரு கணு ஏறியது.

"இன்னும்?"

"ஏத்து."

என் குரல். சொல்லி முடித்ததும் நான் விடுகிற மூச்சுகூட இருந்தது.

கடக்.

கரண்டி கையிலேயே இருந்தது.

"கடைசிக் கணு?"

"ஏத்து..."

கத்திக்கொண்டே வெளியே ஓடினேன்.

"அசையாத!"

மேற்கில் மிச்சமிருந்த சிவப்பில் ஒரு கறுப்புக் கோடு.

மின்கம்பி.

ஆன்டெனா நுனிக்கு ஒரு முழம் மேலே.

கம்பத்தை மெல்ல மெல்ல இறக்கிய பிறகுதான் வெர்ல் பேசினான். "நீதானே ஏத்தச் சொன்ன?"

"நான் உள்ள இருந்தேன்."

"அங்க நின்னியே..." வெறும் மணலைக் காட்டினான். "நீ மேல பாக்கவே இல்ல. என்னையே பாத்துட்டு இருந்த."

காலையில் முகாமைப் பார்த்துக்கொள்ளும் மாவிஸ் வந்தாள். நடந்ததைக் கேட்டதும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"போன குளிர்காலத்துல இதே இடத்துல ஒருத்தர் கம்பம் ஏத்துனப்போ கரண்ட் அடிச்சுப் போயிட்டார், கண்ணு. 'அவதான் ஏத்தச் சொன்னா'ன்னு சொல்லிட்டே செத்தார்."

"அவர் பொண்டாட்டியா?"

"அவ அந்நேரம் என் வண்டியில என்னோட சீட்டாடிட்டு இருந்தா."

அன்றே கிளம்பினோம். அடுத்து நிறுத்திய இடம் வெட்டவெளி, கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெர்ல் கம்பத்தைக் குழாயில் செருகினான்.

"மேல சரியா?"

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லேன், ரொவீனா."

"மாட்டேன். ஒவ்வொரு கணுவுக்கும் நிறுத்தி நீயே அண்ணாந்து பாரு. இனிமே 'சரி'ன்னு குரல் வந்தா, அது நான் இல்ல."