ஏழு மணிப் பாட்டுக்கு வாங்கிய சாமான்கள்

அவளுடைய கடிதத்தின் பின்பக்கத்தில்தான் பட்டியலை எழுதினேன். வேறு காகிதம் இல்லாமல் இல்லை. அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வால்வு இரண்டு, டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், காயில் சுற்ற மெல்லிய செம்புக்கம்பி, ஏரியலுக்கு நீளக்கம்பி, ஹெட்போன். முன்பக்கம் அவள், பின்பக்கம் வானொலி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். 'நலம், நலமறிய ஆவல்' என்பதன் முதுகில் கண்டென்சர் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கல்யாணமாகி நாற்பத்தொரு நாளில் கப்பல் ஏறியவன் நான். எங்கள் வழக்கம் அது. செட்டிநாட்டு ஆண்கள் மூன்று வருஷத் தவணைக்கு மலாயா வருவோம், பெண்கள் ஊரில் இருப்பார்கள், தவணை முடிந்தால் திரும்புவோம். மலாக்காவில் காஜா பெராங் சாலையோரத்துக் கிட்டங்கியில் எட்டுப் பேர் இருந்தோம். கிட்டங்கி என்றால் நீண்ட ஒரே கூடம், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு பாய். பெட்டிதான் மேசை, பெட்டிதான் அலமாரி, அவரவருக்கென்று இருந்த ஒரே சுவரும் பெட்டிதான். எங்கள் வட்டிக்கடை மேலாளை அண்ணன் என்போம். அவருக்கு அது ஆறாவது தவணை. ஆறு தவணையில் அவர் தம் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

அவள் எழுதியிருந்தது இதுதான்: அப்பச்சி வீட்டில் ரேடியோ வாங்கியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து தினமும் சாயந்தரம் ஐந்து மணிக்குத் தமிழ்ப் பாட்டு வைக்கிறார்கள். வளவு முற்றத்தில் தூணோரம் நின்று கேட்கிறேன். அந்த ஸ்டேஷன் மலாயாவிலும் எடுக்குமாமே. நீங்களும் கேட்டால் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு.

அவ்வளவுதான். அடுத்த வரியில் மிளகாய் காயவைத்த கதைக்குப் போய்விட்டாள்.

அங்கே ஐந்து, எங்களுக்கு ஏழு. நாற்பத்தொரு நாளில் அவளும் நானும் தனியாகப் பேசிய பொழுதைக் கூட்டினால் ஒரு பகல்கூடத் தேறாது. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டிருந்தது. முகத்துக்குப் படம் இருந்தது, குரலுக்கு எதுவும் இல்லை. அந்த ஏழு மணிப் பாட்டில் அவள் குரல் வராது என்பது தெரியும். ஆனாலும் ஒரு பாட்டின் இந்தக் கரையில் நானும் அந்தக் கரையில் அவளும் நிற்கலாமே. அதை நினைத்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் ஊர் முழுக்க மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற பேச்சு. டீக்கடை, படகுத்துறை, முடிவெட்டும் நாற்காலி, எங்கு உட்கார்ந்தாலும் அதுதான். எனக்கோ தவணை முடிய இன்னும் பத்தொன்பது மாதம். செய்தி கேட்க வேண்டும் என்று வசதியுள்ளவர்களெல்லாம் ரேடியோ வாங்கினார்கள். கடையில் கண்ணாடி மூஞ்சியோடு வரிசையாக நின்ற பெட்டிகள் எனக்கு எட்டாதவை. ஆகவே உதிரியாக வாங்கிச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அண்ணனிடம் அனுமதி கேட்டபோது, "சுதந்திரச் சேதி வருமாப்பா அதுல?" என்றார். வரும் என்றேன். பாதி உண்மை.

சேர்த்துத் தர ஒத்துக்கொண்டவன் பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பில் இருந்த என் சிநேகிதன், சினிமாக் கொட்டகையில் எலெக்ட்ரீஷியன். எங்கள் சாமிதான் அவனுக்கும், எங்கள் திருநீறுதான் அவன் நெற்றியிலும். ஆனால் அவன் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து இந்த மண்ணில் கலந்தவர்கள். சாமி, பூசை, 'அண்ணே' போகத் தமிழ் அவன் வாயில் அவ்வளவாக இல்லை, மற்றதெல்லாம் அவர்களுடைய மலாய். பட்டியல் அவன் சொல்லி நான் எழுதியது. இரண்டு வால்வு, கையால் சுற்றிய காயில், காதில் மாட்டும் ஹெட்போன். கொழும்பைப் பிடிக்க அது போதும் என்றான்.

சாமான் வாங்கச் சீனர் கடைக்குப் போனோம். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சரக்கு அங்கே மலையாகக் கிடந்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்த பெட்டிகள், பருத்திநூல் சுற்றிய வயர்கள், வைக்கோலுக்குள் முட்டைபோல் வால்வுகள். என் சிநேகிதன் ஒவ்வொரு வால்வையும் காதருகே வைத்து மெல்ல ஆட்டினான். உள்ளே ஏதாவது கிணுகிணுத்தால் திரும்ப வைத்தான். நான் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். பார்த்ததுதான் தப்பு.

தூக்கினேன். கனம். என்ன கனம்! எங்கள் வீடுகளில் கல்யாணச் சீருக்கு வெண்கலமும் பித்தளையும் பரப்பி வைப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்லது, கணீரென்றால் இன்னும் நல்லது. அப்படியே வளர்ந்த கை இது. ஸ்பீக்கரின் பின்னாலிருந்த காந்தத்தை இரண்டு கையிலும் ஏந்தி, விரல் முட்டியால் டங்கென்று தட்டினேன்.

கடை முதலாளி, தவுக்கே என்போம், மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "செட்டி! இனி புக்கான் பெரியோக்!" பானை இல்லையப்பா இது, என்று கடை முழுக்கச் சிரிப்பு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹெட்போன் ஒரு கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. கறுப்பு மூடி, தோல் பட்டை, சும்மா கிடந்தது. ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றேன். அதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும், மூன்றாவது வால்வு வேண்டும் என்றான் சிநேகிதன். சரி என்றேன். அவன் இடுப்பில் கைவைத்துக் கேட்டான்: "லு மௌ டெங்கார் கா, மௌ துஞ்சோக்?"

உனக்குக் கேட்கணுமா, காட்டணுமா?

பட்டியலில் 'ஹெட்போன்' என்பதை அடித்தேன். பேனா முள் அழுந்தி முன்பக்கத்திலும் ஒரு கோடு விழுந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. காயிலை ஒரு மூங்கில் துண்டில் சுற்றினான், எண்ணி எண்ணி, நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை தவறி வைதுகொண்டு. ஏரியலைப் பின்கட்டிலிருந்து தென்னைக்கு இழுத்துக் கட்டினோம். மறுநாள் காலை அதில் அண்ணனின் வேட்டி காய்ந்தது. 'இன்ன வெள்ளிக்கிழமை தொடங்குகிறேன்' என்று அவளுக்கு முன்கூட்டியே எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கொழும்பு வந்தது. ஊளையும் இரைச்சலும் விலகி, ஒரு பெண் தமிழில் வணக்கம் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்து முடிப்பதற்குள் ஏழு பேரும் பாயோடு வந்துவிட்டார்கள். அந்தக் கனமான ஸ்பீக்கர் கூடத்தின் எட்டு மூலைக்கும் கூப்பிட்டிருந்தது.

"அட, நம்ம ஊரு நாயனமாட்டம்ல இருக்கு!"

"எங்க வீட்டு ஆச்சிக்கு இந்தப் பாட்டுன்னா உசுருப்பா." மனைவியைத்தான் சொன்னார்.

"போன வாரம் ஆச்சிக்குத் தூக்கம்னா உசுருன்னீக?"

"தூங்கிக்கிட்டே கேப்பாக, ஒனக்கென்ன?"

சிரிப்பு. முதல் பாட்டு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது தொடங்கும்போது ஒருவர் குமிழைப் பிடித்துத் திருகினார். "கொழும்பு எங்கயும் ஓடிடாது. சுதந்திரம் என்னாச்சுன்னு பாப்போம்." சிங்கப்பூரிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. என்ன சொல்லித் தடுப்பது? என் பெண்டாட்டி தூணோரம் நிற்கிறாள் என்றா?

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. 'வெள்ளிக்கிழமை மூன்றாவது பாட்டு கேட்டீர்களா?' கேட்டேன், நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டேன். அடுத்த கடிதத்தில் இரண்டே வரி: 'எந்த இடம் பிடித்தது என்று எழுதுங்கள். நேயர்கள் கேட்பதால் வெள்ளிதோறும் அதையே மூன்றாவதாக வைக்கிறார்கள்.'

இத்தனை வருஷம் கழித்து அவள் இப்போது இந்த ஊரில், இந்த வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறாள். கூப்பிட்டால் 'என்ன' என்கிறாள். அந்த இரண்டு வரி கேட்டதுபோல் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை, அவளும் பிறகு கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவர்களை நாம் எந்தக் குமிழால் தேடுவது?

அந்தக் கடிதம் வந்த மறுநாள் ஸ்பீக்கரைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு தவுக்கேயிடம் போனேன். வழியெல்லாம் அதன் கனம் தோளை அறுத்தது. ஹெட்போனைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சிநேகிதன் மூன்றாவது வால்வைக் கழற்றிக்கொண்டே ஒரு மலாய்ப் பாட்டை விசிலடித்தான், அவ்வளவுதான் அவன் கோபம்.

வெள்ளிக்கிழமை. பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

"என்னப்பா, காதுக்குப் பூட்டுப் போட்டுட்டே?"

"ஆச்சி பேசுறாக போல. தொந்தரவு பண்ணாதீக."

கேலி செய்து அலுத்து ஒவ்வொருவராகக் குளிக்கவும் கோவிலுக்கும் போனார்கள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதின் நடுவில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்தது தெரிந்தது. அண்ணன். சாவிக்கொத்தை மடியில் வைத்திருந்தார். சுதந்திரச் சேதியைக் கேட்கப் போகிறார் என்று குமிழுக்குக் கையைக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

ஹெட்போனின் எஃகு வளைவை விரித்து ஒரு காதை அவருக்குக் கொடுத்தேன். வளைவு குறுகியது. தலையோடு தலை முட்டிக்கொண்டுதான் கேட்க முடிந்தது. அவருடைய திருநீற்று வாசனை என் மூக்கில்.

மூன்றாவது பாட்டு. ஒரு வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. பிறகு சிற்றலை செய்கிற வேலையைச் செய்தது. பாட்டு மெல்லத் தேய்ந்து, கடல் இரைகிற மாதிரி ஓர் ஓசை மட்டும் மிச்சம். பதறிக் குமிழைத் தொட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திருகாதே தம்பி. இருக்கட்டும். அங்கன கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாக."

அந்த இரைச்சலை நாங்கள் இருவரும் கடைசிவரை கேட்டோம். அன்றே எழுதினேன்: முதல் வெள்ளிக்கிழமை கேட்கவில்லை, பொய் சொன்னேன். இன்று இரண்டு வரி கேட்டேன். அந்த இரண்டையும் எழுதி, கீழே மிச்சப் பாட்டுக்கு இடம் விட்டு அனுப்பினேன்.