பாதி சுரண்டிய கம்பி

பழுதான மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி 'காயில்' கட்டுவதுதான் அவருக்குத் தொழில். கடைத்தெருவில் பட்டப்பெயர் 'முழுசு'. எதையும் முழுசாகச் செய்யவேண்டும் என்று கண்டவர் காதிலெல்லாம் ஓதி, அந்தச் சொல் அவர் தலையிலேயே உட்கார்ந்துவிட்டது. கம்பியை இணைக்கும் முனையில் அதன் எனாமல் பூச்சு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் "அரைகுறை வேலை" என்று முகத்தைச் சுளிப்பார்.

அவருடைய மகள் வகுப்பில் எழுந்து, "எங்கப்பாவே மோட்டார்காரர்தான், நாளைக்கு ஓடுற மோட்டார் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு பேட்டரி, இரண்டு சேஃப்டி பின், ஒரு காந்தம், கொஞ்சம் பூச்சுள்ள செப்புக் கம்பி போதும்.

"இதெல்லாம் ஒரு வேலையா? சாப்பாடு வர்றதுக்குள்ள சுத்தும் பாரு" என்றார்.

சாப்பாடு வந்தது, ஆறியும் போனது. கம்பியை வளையமாகச் சுற்றி, இரு முனைகளையும் பளபளவென்று சுரண்டி, பேட்டரியின் இருபுறமும் நிறுத்திய பின்களின் துளையில் மாட்டியிருந்தார். அடியில் காந்தம். வளையம் இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது, ஆளை விடு என்பதுபோல் நின்றுவிட்டது. விரலால் தட்டிவிட்டாலும் அதே ஆட்டம்தான். காந்தத்தைத் திட்டினார், பின்னைத் திட்டினார், கம்பி விற்றவனைத் திட்டினார். திட்ட மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான். கிணற்று மோட்டாரையே உறுமவிட்ட பெரிய மனுஷன், ஒரு வளையத்திடம் கெஞ்சுகிற லட்சணத்தைப் பார் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

"அப்பா, நாளைக்கு வயித்து வலின்னு லீவு போட்டுடவா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அப்பா மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாளே, அதுதான் வலித்தது. பேட்டரிதான் செத்துப்போச்சு என்று அறிவித்தார். புதிதாக ஒரு வளையம் சுற்றி, ஒரு முனையைச் சுரண்டினார். மறுமுனையைச் சுரண்டும் வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, புது பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது வளையம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது, அதே செத்த பேட்டரியில்.

"என்ன பண்ணினே?" என்றார் மனைவியிடம்.

"ஒண்ணும் பண்ணலைங்க. வளையத்தை நிமிர்த்திப் பிடிச்சு முனையில மேல்பக்கம் சுரண்டினேன். அடிப்பக்கத்தைத் தொடறதுக்குள்ள இவ பிடுங்கிட்டுப் போய் மாட்டிட்டா."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாதிச் சுற்றுக்கு மின்சாரம் பாய்ந்து வளையத்தைத் தள்ளவேண்டும். மீதிப் பாதியில் பூச்சு குறுக்கே நின்று மின்சாரத்தைத் தடுக்கவேண்டும். இரு முனையையும் முழுசாக வழித்துச் சுரண்டினால், அந்த மீதிப் பாதியிலும் மின்சாரம் பாய்ந்து, முன்னே தள்ளியதையே திரும்பப் பின்னே இழுக்கும். இத்தனை வருஷம் அவர் முகம் சுளித்த அரைகுறை வேலைதான் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. வாங்கி வந்த பேட்டரியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே கூச்சமாக இருந்தது.

"டீச்சர் கேட்டா யார் செஞ்சதுன்னு சொல்லட்டும்?" என்றாள் மகள்.

"அம்மான்னு சொல்லு. அப்பா வீட்டுல இல்லாதப்போதான் ஓடிச்சுன்னும் சொல்லு."

அவள் சுற்றும் வளையத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கப்பா ரொம்ப நல்லா சுரண்டிட்டாரு, அதான் முதல்ல ஓடலைன்னு சொல்றேன்."