கூரைக்குள் ஒரு புளோயர்

லான்மடா பேட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு அதற்கு முன் ஏதோ அலுவலகமாக இருந்தது. அதனால் வீடு முழுவதற்கும் ஒரே ஏசி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றைத் தள்ளும் ஒரு பெரிய புளோயர். அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தகரக் குழாய் போகும். வீடு பார்க்கப் போன அன்று கரண்ட் இல்லை. "எவ்வளவு அமைதியான வீடு!" என்று என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

குடிவந்து சுவிட்சைப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலில் ஓர் உறுமல். பிறகு தகரம் டம்மென்று உப்பும். அதன்பின் ரயில் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஓயாத இரைச்சல். நிறுத்தவும் முடியாது. ஜன்னல்களையெல்லாம் அலுவலகக்காரர்கள் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள், வெந்துவிடுவோம். நானும் அவரும் மகளும் கத்திப் பேசப் பழகிவிட்டோம். "உப்பு போதுமா?" என்று கேட்பதுகூடச் சண்டை போலிருக்கும்.

என் வீட்டுக்காரர் ரிப்பேரில் இறங்கினார். காற்று வரும் வாயில் ஒரு தலையணையைத் திணித்தார். இரைச்சலோடு விசிலும் சேர்ந்துகொண்டது. படுக்கையறை வாய்களை மூடிவிட்டால் சத்தம் குறையும் என்றார். அங்கே போகவேண்டிய காற்றும் கூடத்துக்கே வந்து, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி எறிந்தது. அத்தோடு ஏணியை மடித்து வைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் கியாக்தான் ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மகளும் பையனும் ஒரே ஆபீஸ். பர்மியத்திலேயே பேசிப் பழகி முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சந்திப்பது மட்டும்தான் பாக்கி. பையனின் அப்பா அரிசி மில் வைத்திருப்பவர், கனத்த குரல். அம்மா வந்து உட்கார்ந்ததிலிருந்து முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். மகளும் பையனும் பால்கனிக்குப் போய்விட்டார்கள்.

"பயணம் சவுகரியமா இருந்திச்சா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"இல்லீங்க, எங்களுக்கு ஒரே பையன்தான்!" என்று பதிலுக்குக் கத்தினார் மில்காரர்.

நான் ஊறிய தேயிலை லஃபெ தட்டை எடுக்கும் சாக்கில் சமையலறைக்குப் போய், வீட்டுக்காரரையும் கையசைத்துக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவர் காதருகே போய், முழுக்குரலில் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு நம்மளப் புடிக்கலைங்க! மூஞ்சியப் பாருங்க, பொறந்ததுலேர்ந்து சிரிச்சதே இல்ல போல—"

"அந்தம்மாவுக்கு" என்று ஆரம்பித்தபோது புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. "மூஞ்சிய" என்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மீதி வாக்கியம் அத்தனை அமைதியில் வீடு முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கல்யாணம் என் வாயாலேயே போயிற்று என்று கண் கலங்கிவிட்டது. அப்போது கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்த அம்மாதான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சிரிக்கல்லாம் தெரியும் சம்பந்தி. ஒங்க வூட்டுச் சத்தத்துல மண்ட பொளக்குது, அதான்!"

'சம்பந்தி' என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மில்காரரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. "என் மில்லுலயே இவ்ளோ சத்தம் இல்லியே!" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்தார். சீலிங்கில் ஒரு தட்டு உடைந்து நேராக லட்டுத் தட்டில் விழுந்தது. மில்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"புளோயர் வாயிலியே தகரத்த முடுக்கி வெச்சிருக்கானுங்க. அது ஆடுற ஆட்டம் குழாய் பூரா போவுது. நடுவுல கெட்டித் துணி போடணும். சரி, காத்து உள்ள போற வழி எங்க?"

தேடினோம். கூடத்துச் சுவரில் எங்கள் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. குடிவந்த அன்று அசிங்கமாக ஒரு ஓட்டை என்று நான்தான் பீரோவை அங்கே நகர்த்தச் சொல்லியிருந்தேன்.

"மூச்சு வுட எடமில்லாம கத்துது பாவம்!" என்றார் அவர். நாலு பேரும் பீரோவைத் தள்ளினோம். கரண்ட் வந்தபோது இரைச்சல் பாதிதான் இருந்தது. மகளும் பையனும் பால்கனியிலிருந்து வந்து பார்த்தபோது, இரு வீட்டுப் பெரியவர்களும் வேர்வையும் ஒட்டடையுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மா மில்லிலிருந்து கித்தான் துணி கொண்டுவந்தார். புளோயரின் வாய் அளவுக்கு அவரே குழாயாகத் தைத்தார். நான் துணியை இழுத்துப் பிடித்தேன். ஆண்கள் இருவரும் தகரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அதை இடையில் மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டோம். யாரோ அடுத்த அறையில் தூங்குவதுபோல மெல்லிய மூச்சு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மெதுவாக "காபி" என்றார். சமையலறையிலிருந்த எனக்குக் கேட்டது.

நிச்சயதார்த்தத் தேதி குறித்தாகிவிட்டது. மகள் மட்டும் ஒரு நாள் போனும் கையுமாக என் முன்னால் வந்து நின்றாள். அவள் அறைக்குள் பேசுவதெல்லாம் இப்போது கூடத்தில் கேட்கிறதாம். காலையில் அவள் அப்பா அதை வைத்துக் கிண்டல் வேறு செய்துவிட்டாராம்.

"அம்மா, கல்யாணம் வரைக்கும் அந்தத் துணியக் கழட்டி வெக்கலாமா?" என்றாள்.